முதலில் கையெழுத்து, பிறகு கடிதம்

கூரைமேல் ஏறி டிஷ் மாட்டுகிறவனுக்குக் கம்பெனி இணைப்பு, ஆணையம், அங்கீகாரம் இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். இருபது வருடமாக ரந்தாவ் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஏணியும் கையுமாகத் திரிந்தவன் நான். எந்த வீட்டுத் தகரம் மிதித்தால் உள்ளே போகும், எந்த வீட்டு நாய் சொல்லாமல் கடிக்கும், எந்தச் செம்பனை வளர்ந்து சிக்னலை மறைக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் இரண்டு கம்பெனிகள் ஒன்றாவதற்கு அரசாங்கத்தில் ஓர் ஆணையம் அனுமதி தரவேண்டும், அதற்கு முன்னால் சாதாரண ஆட்களையும் அபிப்பிராயம் கேட்பார்கள் என்பது ஐம்பத்திரண்டு வயதில்தான் எனக்குத் தெரியவந்தது. தெரியாமலே இருந்திருந்தால் இன்றைக்கும் கோலா சாவா பக்கம் தலைநிமிர்ந்து போய்வந்துகொண்டிருப்பேன்.

துணைக்கோளத் தொலைக்காட்சியில் எங்கள் வட்டாரத்துக்கு இரண்டு கம்பெனிகள் இருந்தன. ஒன்று பெரியது. மாதாமாதம் கட்டணம், கட்டாவிட்டால் திரை கறுப்பு. இன்னொன்று சின்னது. டிஷ்ஷையும் டிகோடரையும் ஒரு தடவை வாங்கிவிட்டால் போதும், நான்கு தமிழ் சேனல்கள் மாதக் கட்டணம் இல்லாமல் வரும். நான் சின்னக் கம்பெனிக்கு விற்றுக்கொடுத்து மாட்டியும் கொடுக்கிற ஆள். தோட்டத்திலிருந்து வெளியேறி மலிவு வீடுகளுக்கு வந்தவர்களும், இன்னும் தோட்டத்துப் பழைய லயத்து வீடுகளிலேயே ஒட்டிக்கொண்டிருந்தவர்களும்தான் என் வாடிக்கையாளர்கள். "ஒரு தடவ வாங்கினா போதும்லா, சாகுற வரைக்கும் பாக்கலாம்" என்று சொல்லித்தான் விற்றேன். 'ஒரு தடவை' என்பது கம்பெனி சொல்லிக்கொடுத்தது. 'சாகுற வரைக்கும்' நானாகச் சேர்த்தது. அந்த இரண்டு சொல்லுக்குத்தான் இந்தப் பாடு.

கோலா சாவாவில் ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய கணவர் தோட்டத்தில் செம்பனைக்குலை ஏற்றுகிற லாரி ஓட்டியவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பக்கவாதம் வந்து வலதுபக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அக்கா சிரம்பானில் ஒரு தங்கும் விடுதியில் துப்புரவு வேலைக்குப் போகிறார். காலை ஆறு மணிக்கு வேன் வரும், திரும்பிவர மூன்று மணியாகும். அந்த ஒன்பது மணி நேரமும் வீட்டில் மாமாவும் டிவியும்தான். நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் கஞ்சி ஊட்டிவிட்டுப் போவார். "தமிழ் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா அவுரு அழ மாட்டாரு தம்பி" என்று அக்கா ஒருமுறை சொன்னார். சேனல் மாறி மலாய்ப் பேச்சோ சீனப் பேச்சோ வந்தால் இடது கையால் கட்டிலைத் தட்டிக்கொண்டே இருப்பாராம். நான் அந்த வீட்டில் மாட்டிய டிஷ்ஷுக்கு மட்டும் இரண்டு திருகாணி கூடுதலாகப் போட்டு முறுக்கியிருக்கிறேன், காற்றில் அசையக்கூடாது என்று.

பெரிய கம்பெனி சின்னக் கம்பெனியை எடுத்துக்கொள்ளப்போகிறது என்று முதலில் எனக்குச் சொன்னவன் என் சிநேகிதன். சிநேகிதன் என்று எழுதும்போதே கை கூசுகிறது, ஆனால் அன்றைக்கு அவன் அதுதான். ஒரே லயத்தில் பிறந்தோம். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் ஒரே பெஞ்சு. அவன் அப்பா ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர், என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், அவ்வளவுதான் வித்தியாசம். அவன் படித்து டை கட்டிச் சின்னக் கம்பெனியில் வட்டார மேனேஜர் ஆனான். எனக்கு அந்த வேலையை வாங்கிக்கொடுத்தவனும் அவன்தான். அதை நான் மறுக்கவில்லை.

"ஒன்னும் மாறாதுலா, பேருதான் மாறும்" என்றான். நம்பினேன். பிறகு பத்திரிகையில் ஆணையத்தின் அறிவிப்பு மலாயில் வந்தது. இணைப்பைப் பற்றி யார் வேண்டுமானாலும் முப்பது நாளுக்குள் எழுதித் தரலாம், பயனீட்டாளர்களும் தரலாம் என்று இருந்தது. படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது மாமாவின் இடது கை. உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

"ஏற்கெனவே வாங்குனவங்களுக்குத் தமிழ் சேனல் சும்மா வருமா, வராதா? அத மட்டும் சொல்லு."

"அதெல்லாம் மேல உள்ளவங்க முடிவு பண்றது. நீ ஒன்னு செய். எழுதிக் குடு. கம்பெனி எழுதுற சூராட்டோட சேத்து நானே ஆணையத்துல குடுத்துர்றேன். நீ தனியா அனுப்பினா எவன்டா பாக்கப் போறான்? கம்பெனி வழியா போனாத்தான் வெயிட்டு."

இதில் எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என்னை முட்டாள் என்று நினைப்பீர்கள். தோட்டத்தில் எங்கள் ஆட்கள் எந்த மனுவையும் நேராகக் கொண்டுபோனது கிடையாது. தண்ணீர்க் குழாய் வேண்டுமென்றாலும், சுடுகாட்டுக்குப் பாதை வேண்டுமென்றாலும், பள்ளிக்கூடக் கூரை ஒழுகினாலும் தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் கொடுப்பார்கள். கிராணி துரையிடம் கொடுப்பார். கிராணியைத் தாண்டிப் போவது மரியாதைக் குறைச்சல், பயமும் உண்டு. அதோடு இன்னொரு வழக்கமும் இருந்தது. முதலில் கையெழுத்து, பிறகு கடிதம். கோடு போட்ட தாளில் வீடு வீடாகக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிவிடுவார்கள். கிராணிக்கு நேரம் கிடைக்கிறபோது அவர் கடிதத்தைத் தட்டச்சு செய்து மேலே வைத்துக் குத்துவார். கையெழுத்துப் போட்டவர்கள் கடிதத்தைக் கண்ணால் பார்த்ததே இருக்காது. பார்த்தாலும் படிக்கத் தெரியாது. வாங்கவருகிற ஆள் யார் என்று பார்த்துத்தான் போடுவார்கள். என் அப்பா இப்படிப் பல தாள்களில் கட்டைவிரல் வைத்திருக்கிறார். கிராணி போனார், துரை போனார், ரப்பரே போய்ச் செம்பனை வந்தது. எங்களுக்குள் இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

அப்படித்தான் நானும் செய்தேன். அறுபத்து மூன்று வீடுகள். பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட தாள் வாங்கி, பெயர், அடையாள அட்டை ஐசி நம்பர், கையெழுத்து என்று கட்டம் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். ரந்தாவ், கோலா சாவா, லிங்கி ஆற்றோரம் வரைக்கும் போனேன். ஒருவர்கூட முழுதாக விளக்கம் கேட்கவில்லை. "நீதானே கேக்கற, போடுறேன் குடு" என்று வாங்கிக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. வீடு திரும்பி மனைவியிடம், "பாத்தியா, இந்த வட்டாரத்துல என் பேச்சுக்கு உள்ள மதிப்ப" என்று பீற்றிக்கொண்டேன்.

அக்கா அன்றைக்கு மீன் கழுவி மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். "என்னா சூராட் தம்பி?" என்றார். தமிழ் சேனல் நிற்காமல் இருக்க எழுதிக் கேட்கிறோம் என்றேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சரியாகத் துடைக்கவில்லை, தாளின் ஓரத்தில் மஞ்சள் விரல் பதிந்துவிட்டது. வேறு தாளில் எழுதித் தரட்டுமா என்று கேட்டார். "பரவால்லக்கா, மங்களகரமா இருக்கட்டும்" என்று சிரித்துவிட்டு வந்தேன்.

கடிதத்தை மூன்று நாள் மத்தியான வேளைகளில் உட்கார்ந்து மலாயில் எழுதினேன். ஒரே பக்கம். இணைப்பு வேண்டாம் என்றுகூட எழுதவில்லை. அனுமதி கொடுங்கள், ஆனால் ஏற்கெனவே டிஷ் வாங்கியவர்களுக்குத் தமிழ் சேனல்களை நிறுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை போடுங்கள் என்றுதான் கேட்டிருந்தேன். அது முதல் தாள். கையெழுத்துகள் இரண்டாம் தாளிலிருந்து ஏழாம் தாள் வரை. அந்த ஆறு தாளிலும் தலைப்பு கிடையாது, எதற்காகக் கையெழுத்து என்று ஒரு வரி கிடையாது. வெறும் பெயரும் நம்பரும் கையெழுத்தும்தான். ஓரத்தில் ஒரு குத்துப் பின்.

சிரம்பானில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் அவன் கையில் கொடுத்தேன். முழுக்கப் படித்தான். "ஒன் மலாய் நல்லாருக்குடா" என்று பாராட்டிவிட்டு எனக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல் சொன்னான். நான் வேண்டாம் என்றேன், விடவில்லை. கடிதத்தை ஃபைலில் வைத்து, என் கண் முன்னாலேயே பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான்.

ஆறேழு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் அவனிடமிருந்து செய்தி வந்தது. "லுலுஸ். உன் வேலையும் சேஃப்." இணைப்புக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது. எனக்கு என் வேலையைவிட நிபந்தனைதான் முக்கியமாக இருந்தது. ரந்தாவில் கோப்பிக் கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்தேன். ஆணையத்தின் முடிவு அறிக்கை அவர்கள் வலைத்தளத்தில் இருந்தது, போனிலேயே இறக்கினேன். எழுபது பக்கத்துக்கு மேல். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். விளம்பரச் சந்தை பற்றி ஒரு நிபந்தனை, அலைவரிசை பற்றி ஒன்று, விளையாட்டு ஒளிபரப்பு பற்றி ஒன்று. எங்களைப் பற்றிய பகுதி நான்கே வரி. மாதக் கட்டணமில்லாத வாடிக்கையாளர்கள் புதிய கட்டணத் திட்டத்துக்கு மாறச் சம்மதம் தெரிவித்து ஆதரவு கொடுத்திருப்பதால் தனி நிபந்தனை தேவையில்லை, பின்னிணைப்பைக் காண்க.

பின்னிணைப்பைக் கண்டேன். முதல் தாள் கம்பெனி முத்திரை போட்ட கடிதம். கீழே கையொப்பமிட்டுள்ள வாடிக்கையாளர்களாகிய நாங்கள் இந்த இணைப்பையும் புதிய கட்டணத் திட்டத்தையும் முழுமனதுடன் ஆதரிக்கிறோம் என்று அச்சடித்திருந்தது. அடுத்த ஆறு தாளும் என்னுடையவை. நான் போட்ட கட்டம், நான் எழுதிக்கொடுத்த பெயர்கள். கைநாட்டு வைத்தவர்களுக்குப் பக்கத்தில் என் கோணல் எழுத்து. ஐசி நம்பர்களை மட்டும் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருந்தார்கள். நான்காவது தாளின் ஓரத்தில் ஒரு விரல் கறை. நகலில் மஞ்சள் தெரியவில்லை, சாம்பலாக இருந்தது.

நான் எழுதிய அந்த ஒரு பக்கம் எங்கேயும் இல்லை. மூன்று தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். கோப்பி ஆறிப்போயிருந்தது. இத்தனை வருடப் பழக்கத்தில் கழுத்தை அறுத்துவிட்டானே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன், கடைக்காரச் சீனர் திரும்பிப் பார்த்தார்.

மழை விடும்வரை காத்திருக்கவில்லை. நனைந்துகொண்டே சிரம்பானுக்குப் போனேன். அவன் அலுவலகத்தில் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினான். அப்போதே தெரிந்துவிட்டது, தவறு நடந்துவிட்டது என்கிற கதையெல்லாம் சொல்லமாட்டான் என்று.

"மொத பேப்பர் எங்கடா?" என்றேன்.

"உக்காரு மொதல்ல. நனைஞ்சிருக்க."

"மொத பேப்பர் எங்க?"

"நீ எழுதுனத அப்படியே குடுத்திருந்தா ஒன் பேர அன்னைக்கே வெட்டியிருப்பானுங்க. புதுக் கம்பெனி எடுத்துக்கிட்டது பத்து இன்ஸ்டாலரத்தான். இருந்தது முப்பது பேரு. அந்தப் பத்துல நீ எப்படி வந்தன்னு நெனைக்கிற? ஒனக்காகத்தான்டா செஞ்சேன்."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா ஒத்துக்குவியா நீ?"

அடிக்கவேண்டும் என்று கை பரபரத்தது. மேசைமேல் அவன் பிள்ளைகளின் படம் இருந்தது, இரண்டும் என்னை மாமா என்று கூப்பிடுகிற பிள்ளைகள். வெளியே வந்து மோட்டாரை எடுத்தேன். அவன் அதை எனக்குச் செய்த உதவி என்று உண்மையாகவே நம்பினான். அதுதான் இன்றுவரை எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் புதுக் கம்பெனியின் சட்டை கூரியரில் வந்தது. போட்டுக்கொண்டேன். ஏணி ஏற்றுகிற வேனுக்குத் தவணை இருக்கிறது, மகள் கல்லூரியில் இருக்கிறாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரம் அந்தச் சட்டையோடு லிங்கிப் பக்கம் புது டிஷ் மாட்டினேன். கீழே நின்று பார்த்தவர்கள் எல்லாரும் என் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள். நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். நான் ஏணியிலிருந்து இறங்காமலே தலையாட்டினேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை நான்கு தமிழ் சேனல்களும் நின்றன. அக்கா வேலையிலிருந்து திரும்பியதும் போன் செய்தார்.

"டிவில என்னமோ எழுத்தா வருது தம்பி. மாமா காலையிலேருந்து கட்டில தட்டிக்கிட்டே இருந்தாராம், பக்கத்து வீட்ல சொல்றாங்க. வந்து பாரேன்."

போனேன். திரையில் 'திட்டத்துக்குப் பதிவு செய்யவும்' என்று மலாயில் இருந்தது. அதைப் படித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? ஏணியைச் சாத்தி மேலே ஏறினேன். ஒன்றுமில்லாத டிஷ்ஷை இப்படியும் அப்படியும் திருப்பினேன். "இப்ப வருதாக்கா?" என்று மேலிருந்து கேட்டேன். "இல்ல தம்பி" என்றார். மறுபடி திருப்பினேன். மறுபடி கேட்டேன். கீழே இறங்கி, சிக்னல் கோளாறு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று பொய் சொன்னேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைவாயில் ஒழுகியதை அக்கா துடைத்துவிட்டார். எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் சட்டையை மடித்துக் கவரில் போட்டு அவன் அலுவலகத்துக்கே அனுப்பினேன். மறுநாள் காலை பஸ் பிடித்துக் கோலாலம்பூருக்கு, ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போனேன். கிராணியைத் தாண்டி நேராகப் போனது என் வம்சத்தில் அதுதான் முதல் தடவை.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண் அதிகாரி நல்ல மாதிரி. பொறுமையாகக் கேட்டார். பின்னிணைப்பைக் கணினியில் திறந்து என் பக்கம் திருப்பினார். இது உங்கள் எழுத்தா என்றார். ஆமாம் என்றேன். கையெழுத்துகள் உண்மையானவையா? ஆமாம். எதற்காக வாங்கினீர்கள் என்று இந்தத் தாள்களில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா? இல்லை. பெரியவரை அழைக்கிற மாதிரி என்னைப் பக்சிக் என்று கூப்பிட்டார். நீங்கள் சொல்வதை நம்புகிறேன் பக்சிக், ஆனால் நீங்கள் சொல்லிப் பயனில்லை, கையெழுத்துப் போட்டவர்களே நாங்கள் ஆதரிக்கவில்லை என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதித் தரவேண்டும், அப்படி வந்தால் இந்தப் பகுதியை மறுபரிசீலனை செய்ய மேலே அனுப்பமுடியும் என்றார். எத்தனை நாளுக்குள் தரவேண்டும் என்றும் சொன்னார். படிவத்தில் எல்லாம் தெளிவாக அச்சடித்திருந்தது. எதற்கு, யாருக்கு, யார் சார்பில் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். அறுபத்து மூன்று படிவம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதலில் அக்கா வீட்டுக்குத்தான் போனேன். வேலைநாள் என்பதால் நான்கு மணி ஆனபிறகு போனேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது, மலாயில் சமையல் நிகழ்ச்சி. மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கட்டிலைத் தட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை மாற்றியது, சட்டை போட்டது, கூரைமேல் ஏறிப் பொய்யாகத் திருப்பியது வரை ஒளிக்காமல் சொன்னேன். நான் சொன்னதில் புதிதாக ஒன்றுமில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"தெரியும் தம்பி. லிங்கில ஒரு பொண்ணு அந்தப் பேப்பர போன்ல எல்லாருக்கும் அனுப்பியிருக்கு. என் மஞ்சக் கறகூட தெரியுது" என்றார்.

"நான் செய்யலக்கா."

"நீ செஞ்சன்னு நான் சொல்லலையே."

உள்ளே போய்ப் பாலில்லாத தே ஓ கலக்கிக் கொண்டுவந்தார். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் படிவத்தை எடுத்து நீட்டி, பேனா மூடியைக் கழற்றினேன். இங்கே போடுங்கக்கா என்று கோட்டைக் காட்டினேன். அவர் படிவத்தை வாங்கிக்கொண்டார். பேனாவை வாங்கவில்லை.

"கோவிச்சுக்காத தம்பி. இது இங்கயே இருக்கட்டும். சனிக்கெழம எம்மவ வரும். அது படிச்சுப் பாத்துட்டுச் சொன்னா போடுறேன்."

"சரிக்கா. அதுதான் சரி" என்றேன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினேன்.

தே ஓவைக் குடித்துமுடித்தேன். மீதி அறுபத்திரண்டு படிவங்களையும் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே ஆள் பேச்சு கேட்டது. ஜன்னல் திரை கொஞ்சம் விலகியது, பிறகு பேச்சு நின்றுவிட்டது. கதவை யாரும் திறக்கவில்லை.